வெள்ளை விழுந்த மணி பிளாண்ட்

மணி பிளாண்ட் ஜாடியிலிருந்து பழைய தண்ணீரைக் கொட்டும்போது ஒரு வாடை வரும். குளத்துப் பாசியும் ஈரச் சாக்கும் கலந்ததுபோல, நாற்றம் என்றும் சொல்ல முடியாது, வாசனை என்றும் சொல்ல முடியாது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் இன்றைக்கும் எனக்கு ஒருமுறை நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்கிறது. செடித் தண்ணீருக்குப் போய் இப்படித் திடுக்கிடுகிறாயே என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்கென்ன, வீரபாண்டி லைன் வீட்டில் வளர்ந்தவரா அவர்?

நாங்கள் வளர்ந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த முதல் சில வருடங்களில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கென்று திருப்பூர் வீரபாண்டிக்கு வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முன்னால் வீட்டுக்காரம்மாவின் பெரிய வீடு, பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அதற்குப் பெயர்தான் "லைன் வீடு". அப்பா ஒரு கம்பெனியில் டெய்லர், அம்மா இன்னொரு கம்பெனியில் "செக்கிங்". தைத்து வந்த பனியனை விளக்கு வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, சாயத் திட்டு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி "ஸ்டிக்கர்" ஒட்டி ஒதுக்கிவைப்பது அம்மாவின் வேலை. முத்துமாரி டேபிளைத் தாண்டி ஓர் ஓட்டைகூடப் போகாது என்று கம்பெனியே சொல்லும். அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவால் அணைத்துவைக்க முடியாது. "உங்கம்மாவக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா பொண்ணு மூஞ்சியிலயே ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்துருவா" என்பார் அப்பா.

வீட்டுக்காரம்மா தனியாக இருந்தவர், கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பேச்சில் அவரைப்போல மரியாதைப்பட்ட மனுஷியைப் பார்க்க முடியாது. என்னைக்கூட "சாப்ட்டீங்களா கண்ணு" என்றுதான் கேட்பார். ஆனால் லைன் வீட்டு ஆட்கள் எவரும் அவருடைய வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதில்லை. வாடகை கொடுக்கப் போனாலும் சரி, பொங்கல் கொடுக்கப் போனாலும் சரி, படியில் நின்று நீட்டவேண்டும். அப்படி நிற்கும்போது ஹாலுக்குள் எட்டிப் பார்ப்பேன். சுவரில் ஆணி அடித்து, பனியன் துணிக் கிழிசலால் கட்டிக் கட்டி, ஒரு மணி பிளாண்ட் கொடி அந்த ஹாலையே சுற்றிப் போயிருந்தது. சாமி படங்களுக்கு மேலே ஏறி, கடிகாரத்தைத் தாண்டி, கோடியில் இருட்டாகக் கிடந்த உள்ளறைக் கதவு வரைக்கும் போய் நின்றிருந்தது. எந்நேரமும் தோரணம் கட்டிய வீடுபோலத் தெரியும். அந்த ஹாலுக்குள் ஒருதரம் போய் நிற்கவேண்டும் என்பது அப்போது எனக்குப் பெரிய ஆசை.

அந்த வீட்டின் சாவி ஒரு நாள் அம்மாவின் கைக்கு வந்தது.

"பெங்களூர்ல பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம்ங்க அம்மணி. போனா மாசக்கணக்கா ஆயிருமுங்க. இந்தச் செடிக்கு மட்டும் அப்பப்பத் தண்ணி மாத்தி உடுங்க. உப்புத் தண்ணி ஊத்தீராதீங்க, கருகிப்போயிரும். எலையத் தொடச்சு உடோணும், தூசி அண்டப்படாது."

"சாவியவா குடுத்தாக?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். லைனில் இருந்த பெண்கள் எல்லாம் வந்து அந்தச் சாவியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அதைத் தாலிக்கொடியோடு சேர்த்து முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் நடையே கொஞ்சம் மாறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதல்முறை உள்ளே போனபோது குழாயடியில் கால் கழுவிவிட்டுத்தான் போனோம். அம்மா செக்கிங் டேபிளில் பனியன் பீஸைப் பார்ப்பதுபோல ஹாலை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போய், இருட்டுக் கோடியில் உள்ளறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். கொஞ்சம் அதிக நேரமே நின்றாள். பிறகு திரும்பி, "ஏட்டி, இந்த மூலைப் பக்கம் நீ வரக் கூடாது. இங்கன இருக்க கொடியத் தொட்டேன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றாள். அந்தப் பக்கத்து இலைகள் ஒரு பொட்டு மாசில்லாத கரும்பச்சை. நல்ல சரக்கு, நான் தொட்டுக் கெடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஜன்னல் பக்கம் போனாள். படியிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் தெரியாது. ஜாடி இருந்தது அங்கேதான். போனவள் போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

"அய்யய்யோ, செடிக்கு வெள்ள விழுந்துருச்சே!"

நிஜமாகவே விழுந்திருந்தது. சில இலைகளில் தெளித்ததுபோல, சிலவற்றில் பாதிக்குப் பாதி, ஜன்னலை ஒட்டியிருந்த ஒன்றிரண்டு முக்கால்வாசியும் வெளுத்து, பிளீச்சிங் பவுடர் பட்ட துணிபோல இருந்தன. எங்கள் ஊரில் மனிதத் தோலில் வெள்ளை விழுந்து பார்த்திருக்கிறேன். செடிக்கும் விழும் என்று அன்றுதான் தெரிந்தது. சாவி கைக்கு வந்த கையோடு செடிக்கு நோய் வந்துவிட்டதே என்று அம்மா புலம்பினாள். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள், சோப்பு நீரால் தேய்த்துப் பார்த்தாள். கறை போகவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவளைத் தேடிப் போனால், வெள்ளை பட்ட இலை ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற மாதிரி அவள் முகம் இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பனியனில் தொங்கும் நூலை வெட்டுகிற "ட்ரிம்மர்" கத்தரியை எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜன்னல் சுவர் முழுக்க இலையே இல்லாமல் வெறும் தண்டு ஓடியது. கீழே பிளாஸ்டிக் கூடையில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு குவியல்.

"கறை பட்ட பீஸ் ஒண்ணே ஒண்ணு நல்ல பண்டலுக்குள்ள போனாப் போதும், மொத்தமும் திரும்பி வந்துரும். மத்ததக் காப்பாத்தியாச்சு" என்றாள் அம்மா. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

சில நாள் கழித்து அம்மாவின் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற "பையர்" வருவதாக இருந்தது. அந்த மாதிரி நாட்களில் கம்பெனியைக் கல்யாண வீடுபோல ஜோடிப்பார்கள். செக்கிங் முடிந்த சாம்பிள் பீஸைக் கொடுக்க மாடி ஆபீசுக்குப் போன அம்மா, கண்ணாடி மேஜைமேல் வெள்ளைத் தொட்டியில் அதே கொடியைப் பார்த்திருக்கிறாள். பச்சையைவிட வெள்ளைதான் அதில் அதிகம். பையர் வருகிற நேரத்தில் நோய்ச் செடியை வைத்திருக்கிறார்களே என்று பதறி, "சார், இதுக்கு வெள்ள விழுந்துருக்கு, வெட்டிப் போடச் சொல்லுங்க, மத்ததுக்கும் பரவிரும்" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "ஏம்மா, இந்த ரகமே இப்படித்தானுங்க. வெள்ளைக்காகத்தான் நர்சரில தேடி வாங்குனது. வெளிச்சத்துல வெச்சாத்தான் வெள்ள நல்லா வரும். இருட்டுல போட்டா வெறும் பச்சையாப் போயிருமுங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்த அம்மா சேலைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நல்ல பீஸ் பூராத்தையும் வெட்டிட்டனே, ரிஜெக்ஷன விட்டுவச்சுட்டு நல்லதப் பூரா வெட்டிட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கு அவளுடைய டேபிளைத் தாண்டி ஓட்டைப் பீஸ் ஒன்று போய்விட்டதாம். அதைக் கேட்டுத்தான் அப்பா நிஜமாகவே அரண்டுபோனார். "வந்து பாத்தாகன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாக" என்றார். நடுவருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்ப்பார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

அதன்பிறகு அம்மா அந்தச் செடிக்குப் பட்ட பாட்டை நான் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடப் பார்த்ததில்லை. குழாயில் நல்ல தண்ணீர் எப்போதோ ஒரு நாள்தான் வரும். குடிக்கப் பிடித்துவைத்த குடத்திலிருந்து முதல் செம்பு ஜாடிக்குப் போனது. நாங்கள் உப்புத் தண்ணீரில் சோறு வடித்தோம். வேலைக்குப் போகும் முன் திரைச்சீலையை ஒதுக்கி வெளிச்சம் விட்டுவிட்டுப் போவாள், வந்ததும் முதல் வேலையாக மொட்டைக் கணுக்களைத் தடவிப் பார்ப்பாள். ஒரு கணு புடைத்து, அதிலிருந்து சுருட்டுபோலச் சுருண்ட இலை ஒன்று வெளியே வந்தது. அது விரிகிறவரைக்கும் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. விரிந்தது. முழுப் பச்சை. ஒரு புள்ளி வெள்ளை இல்லை. பச்சையைப் பார்த்து அம்மா அலறியது அன்றுதான். அடுத்ததும் பச்சைதான். அதற்கப்புறம் வந்த ஒன்றில், ஓரத்தில் நூல் ஓடியதுபோல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்தபோது வெள்ளை விழுந்த இலை என்று செடியில் இருந்தது அந்த ஒன்றுதான். ஆட்டோவிலிருந்து பைகளை இறக்கும்போதே அம்மா சாவியோடு படியில் நின்றாள். சொல்லவேண்டியதை அடுப்படியில் பலநாள் சொல்லிப் பார்த்திருந்தாள். "அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சாவியை வாங்கி, கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். மொட்டையாகக் கிடந்த ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நேராக இருட்டுக் கோடிக்குப் போய், உள்ளறைக் கதவுக்கு முன்னால் குனிந்தார். அம்மாவோடு பின்னாலேயே உள்ளே போன நான் அப்போதுதான் பார்த்தேன். ஊருக்குப் போகும் முன்பே கொடியின் நுனியைத் தாழ்ப்பாளுக்குக் குறுக்கே விட்டு, ரோஸ் கலர் நூலால் பூட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். நூலை அறுக்காமல், கொடியை ஒடிக்காமல் அந்தக் கதவைத் திறக்கவே முடியாது. முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார், லேசாக இழுத்துப் பார்த்தார். இறுகியிருந்த தோள் மெல்ல இறங்கியது. திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுங்க அம்மணி."

"இல்லக்கா, இந்தப் பக்கம் பாருங்க, நாந்தான் தெரியாம எல்லாத்தையும் வெட்டி..."

"அட, செடிதானுங்க, கெடக்குது உடுங்க. போனா மறுக்காத் துளுத்துட்டுப் போவுது" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து பெங்களூர் பிஸ்கட் ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டு நல்ல தண்ணீரெல்லாம் இந்த முடிச்சுக்குத்தானா போனது? அம்மா மட்டும் எதுவும் நடக்காததுபோல, அந்த வெள்ளைக் கோடு விழுந்த கணுவிலிருந்து ஒரு துண்டு தனக்கு வேண்டுமென்று கேட்டாள். தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரம்மா.

லைனுக்குத் திரும்பும்போது அடக்கமுடியாமல் கேட்டேன். "அம்மா, அந்த நூலு..."

"மொத நாளே பாத்துட்டேன்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். "பெறகு ஏம்மா செடிக்காக அப்படி அழுத?"

"சந்தேகம் அவுகளுது. செடி என் கையிலதான இருந்துச்சு."

இப்போது அந்த வீடும் இல்லை, லைனும் இல்லை. இடித்துவிட்டு, வடக்கேயிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு மாடி மாடியாக அறைகள் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கோவில்பட்டிக்கே திரும்பிவிட்டாள்; அரிசியில் கல் பொறுக்கவே கண்ணாடி தேவைப்படுகிறது அந்தக் கண்ணுக்கு. அன்று கேட்டு வாங்கிய அந்த ஒரு கணு மட்டும் பிழைத்து, வீடு மாறி வீடு மாறி, என்னுடைய அபார்ட்மென்ட் ஜன்னலில் அள்ளித் தெளித்ததுபோல வெள்ளையோடு படர்ந்து கிடக்கிறது.

போன மாதம் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். வீட்டு வேலைக்கு வருகிற மாலதி, ஒடிசாக்காரப் பெண், சாவியை வாங்கிக்கொள்ள வாசலில் நின்றாள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சாவி கொடுத்ததில்லையாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். செடிக்குத் தண்ணீர் மாற்றுவதைக் காட்டலாம் என்று உள்ளே அழைத்துப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். யாரும் கொண்டுபோய் விடாமல், தன்பாட்டுக்கு வளர்ந்த கொடி நுனி ஒன்று பீரோக் கைப்பிடிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நெஞ்சு திக்கென்று அடித்துக்கொண்டது. ஓர் இலையும் ஒடியாமல் அதை மெல்ல உருவியெடுத்து, வெளிச்சம் பார்க்க ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். அப்புறம்தான் மாலதியின் கையில் சாவியைக் கொடுத்தேன்.