பூங்கோதைக்காகப் பேச வந்தவர்கள்

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் தொழிலில், விண்ணப்பிக்கிற பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் பதில் தெரியும். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் இது உங்களுக்கே புரியும். பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

உங்களைப் பற்றி எழுதுக

பூங்கோதை சாமை விதைக்கிற வீட்டுப் பெண். நீர்வளப் படிப்பு, ஐந்து வருஷம், வெளி மாநிலம். சீட்டு கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். கிடைக்காவிட்டால் அக்காவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தன்னைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பெயர், ஊர், அப்பா பெயர் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். "உன் திறமையெல்லாம் எழுதும்மா" என்றேன்.

"நம்மள நாமே சொல்லிக்கினா நல்லாவா இருக்கும் சார்?"

என் கைவண்ணம்

நானே ஆங்கிலத்தில் எழுதினேன். இருட்டு, பசி, காட்டுப் பாதை, கிழிந்த பை. இரண்டு மொழியில் படித்ததெல்லாம் வீண்போகவில்லை என்று எனக்கே கண் கலங்கியது. அவள் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாங்க சீட்டு கேக்கறமா, சோறு கேக்கறமா?"

பொண்ணு கேட்கிற மாதிரி

சந்தையன்று அவர் பூங்கோதையோடு அவள் மாமனையும் அத்தையையும் கூட்டி வந்தார். அவர்கள் பக்கம் பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளை வாயைத் திறப்பதில்லை. கூட வருகிறவர்கள்தான் பேசுவார்கள். சீட்டுக்கும் அதே முறை.

மாமன் ஆரம்பித்தார்: "தங்கமான பொண்ணுங்க. தலை நிமிர மாட்டா."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "யாரு, இவளா? ஊர்ல இருக்கற ஊத்துலெல்லாம் குச்சி நட்டு வெச்சிக்கினு, தினம் போய் தண்ணி எவ்ளோ எறங்கிச்சின்னு பாப்பா. 'இது சீக்கிரம் வத்திடும், ஆட்ட இங்க வுடாத'ன்னு என்னாண்டயே சண்டை. ஊர்ப் பொம்பளைங்களையும் அவ பக்கம் சேத்துக்கினா!"

நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அத்தை திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, இதையா எழுதற? நான் இன்னா அவ சீட்டைக் கெடுக்கவா வந்தேன்?"

நேர்காணல்

என் கடையிலிருந்தே வீடியோவில் நடந்தது. அப்பா, மாமன், அத்தை மூவரும் வாசலில் நின்றார்கள். அத்தை சொன்னதை வைத்து நான் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்திருந்த ஒரு பேராசிரியர் தமிழிலேயே கேட்டார்: "அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்?"

பூங்கோதை வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அத்தை பக்கந்தாங்க. ஆடும் தண்ணி குடிக்கணும் இல்ல? ஊத்தும் வத்தக்கூடாது, ஆடும் சாவக்கூடாது. அதுக்கு இன்னா வழின்னு எனக்குத் தெரியல. அதான் படிக்கணும்னு கேக்கறேன்."

வாசலில் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சீட்டு கிடைத்தது. மாமன் எல்லோருக்கும் டீ சொன்னார். அத்தை வாங்கி ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நான் திட்டின திட்டுக்குக் கெடச்ச சீட்டு சார் இது. இன்னும் ரெண்டு சேத்துத் திட்டியிருந்தா ஹாஸ்டலும் சும்மாவே குடுத்திருப்பான்."

இப்போதெல்லாம் விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளிடம், மார்க் ஷீட்டோடு தங்களை வாய் ஓயாமல் திட்டுகிற சொந்தக்காரர் ஒருவரையும் கையோடு கூட்டி வரச் சொல்கிறேன்.