மாமா பாலத்தில் நிற்கிறார்

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகர் எவ்வளவு தூரம்? டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரம். காவேரிப் பாலத்தில் நெரிசல் இருந்தால் முக்கால் மணி. இந்தத் தூரத்தைக் கடந்து ஒரு கண் டாக்டரைப் பார்க்க எங்கள் வீட்டில் ஏழு சனிக்கிழமைகள் ஆயின. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் டீச்சர் எழுதுவது எனக்கு வெறும் சாக்பீஸ் தூளாகத்தான் தெரியும். 38 என்று எழுதியிருப்பதை 88 என்று பார்த்து, அந்த 88-ஐ வெகு ஒழுங்காகக் கூட்டிக் கழித்துத் தப்பு வாங்குவேன். வகுப்பில் எனக்கு மக்கு என்று பெயர் விழுந்திருந்தது. அது போதாதென்று நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். கடைசியில் டீச்சர்தான் என்னை முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்.

அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போன் செய்தாளே, அங்கேதான் கெட்டது. மாமா மருந்துக் கம்பெனியில் ரெப். திருச்சியில் உள்ள டாக்டர்கள் எல்லாரும் தன்னைக் கேட்காமல் மாத்திரை எழுதமாட்டார்கள் என்பது போலப் பேசுவார்.

“நான் இருக்கும்போது நீ ஏன்க்கா க்யூல நிக்கணும்? டாக்டர் நம்ம ஃப்ரெண்டு. நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடறேன். நீயா போய் நின்னா அவர் என்னைத்தான் தப்பா நெனப்பார். சனிக்கிழமை ரெடியா இருங்க.”

ரெடியாக இருந்தோம். அம்மா நல்ல புடவை கட்டிக்கொள்வாள். எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிடுவாள். ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தால், “கிளம்பிட்டேன்க்கா, பாலத்துல நிக்கிறேன், செம டிராஃபிக்” என்பார் மாமா. அவர் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடிக்கும். பாலத்தில் யாரோ சமைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். இப்படியும் ஒரு பிள்ளை இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தேன். மதியத்துக்கு மேல் அவருக்கு மீட்டிங் வந்துவிடும், அல்லது டாக்டர் ஊருக்குப் போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாக.

மாமா மேல் எனக்குத் துளிக் கோபமும் வரவில்லை. வரும்போதெல்லாம் சாக்லேட் கொண்டுவந்து, “என்ன கலெக்டரம்மா” என்று கூப்பிடுகிறவர் மேல் எப்படிக் கோபம் வரும்? என் கோபமெல்லாம் பெருமாள் மேல்தான். ஏனென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் புடவையை மடித்து வைக்கும்போது அம்மா, “விடுடி, பெருமாள் பாத்துப்பார்” என்பாள். எங்கள் ஊர்ப் பெருமாளோ படுத்திருக்கிறார். படுத்திருக்கிறவர் எழுந்து எப்போது பார்ப்பது? போதாக்குறைக்கு, அவரை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை. “நகருங்க, நகருங்க” என்று தள்ளிக்கொண்டு போகும் கூட்டத்தில் எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு இருட்டும் அதில் ஒரு விளக்கும்தான். வெளியே வந்து அம்மா கேட்டால், நன்றாகப் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்கெல்லாம் தெரிகிறவர் எனக்கு மட்டும் தெரியாததற்குக் காரணம் பக்திக் குறைவு என்று முடிவு செய்திருந்தேன்.

ஏழாவது சனிக்கிழமை காலையிலேயே மாமா மீட்டிங்கைச் சொல்லிவிட்டார். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். அம்மா வழக்கமான வார்த்தையைச் சொன்னதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தப் பெருமாள் வேண்டாம். நிக்கிற பெருமாள்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றேன். திருவெள்ளறையில் பெருமாள் நின்றுகொண்டிருக்கிறார் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் புடவை கட்டியாகிவிட்டது, பூ வைத்தாகிவிட்டது. டோல்கேட் போய்த் துறையூர் பஸ் ஏறினோம்.

திருவெள்ளறையில் தள்ளுவதற்குக் கூட்டம் இல்லை. பட்டர் நிதானமாக விளக்கை உயர்த்திக் காட்டினார். “செந்தாமரைக்கண்ணன்மா. திருக்கண்ண நன்னா சேவிச்சுக்கோ” என்றார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அதே இருட்டு, அதே விளக்கு. “சேவிச்சியா?” என்று கேட்டார். வழக்கமான பொய் வாய்வரை வந்தது. அன்றைக்கென்று அது வெளியே வரவில்லை.

“எனக்கு ஒண்ணுமே தெரியல!” என்று கத்திவிட்டேன். “எங்க போனாலும் கருப்பாதான் தெரியுது. இவர் நிக்கிறாரா படுத்திருக்காரான்னுகூடத் தெரியல!”

பட்டர் விளக்கோடு திகைத்துப்போய் நின்றார். சந்நிதியில் இப்படிக் கத்தினால் முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடிக்கவில்லை. “முகங்கூடவாடி தெரியல?” என்று மெதுவாகக் கேட்டாள். அழுதுகொண்டே தலையாட்டினேன். அவள் பெருமாளையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினாள்.

வீட்டுக்குப் போகவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, நேரே தில்லை நகர். கிளினிக் பூட்டியிருந்தது. ஐந்து மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். அம்மா நல்ல புடவையோடு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆளுக்கொரு பன் தின்றோம். நாலரை மணிக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ரெடியா இருங்க. பாலத்துல நிக்கிறேன், இதோ வந்துட்டேன்.”

அம்மா தெருவின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாகப் பேசிக்கொண்டிருந்தது மாமாதான். இதை அம்மா எனக்குச் சொன்னது எனக்குக் கல்யாணமெல்லாம் ஆன பிறகு. அன்று எனக்கு அந்தப் பக்கம் சட்டை நிறங்கள் மட்டும்தான் தெரிந்தன.

“சரிடா, மெதுவா வா” என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

“யாரம்மா அங்க?” என்றேன்.

“யாருமில்ல” என்றாள்.

கிளினிக் திறந்ததும் கவுண்டரில் இருந்த பெண், “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டாள். நான் மாமா பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள்.

“பெருமாள்.”

“எந்தப் பெருமாள்? ஸ்கேன் சென்டர்ல இருக்காரே, அவரா?”

“இல்லம்மா. திருவெள்ளறை.”

அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. டாக்டரின் நண்பர் பெயர் கையில் இருக்கும்போது, யாருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பானேன்? பாலத்தில் பாவம் மாமா வேறு காத்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாள் எப்படிம்மா விட்டீங்க?” என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா மாமாவைப் பற்றி மூச்சு விடவில்லை. நன்றாக வாங்கட்டும் என்று நினைத்தேன்.

நான்கே நாளில் கண்ணாடி வந்தது. 38 என்பது 38-ஆகவே தெரிந்தது. நான் மக்கு இல்லை என்பது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே மாமா சாக்லேட்டோடு வந்தார். என் கண்ணாடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியாக்கா, டாக்டர்கிட்ட நான் சொல்லி வச்சிருந்தேன். அதான் வேலை சட்டுனு முடிஞ்சிருக்கு” என்றார். நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தேங்க்ஸ் மாமா, தேங்க்ஸ் மாமா என்று குதித்தேன். அம்மா “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டுவிட்டு இலை போட்டாள். அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில், தம்பியிடம் அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

மாமா போன பிறகு நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். “மாமா நமக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கார்? நீ ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலையே!”

“நான் சொல்ல வேண்டியவருக்குச் சொல்லிட்டேன்டி” என்றாள் அம்மா, இலையை எடுத்தபடி.

டாக்டரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.