மோட்டார்காரர் வீட்டிலிருந்த ஞாயிற்றுக்கிழமை

மோட்டார்காரரைப் பார்த்தால் வன்மம் வைக்கிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரில் வருகிறவர் இவர் தோளில் இடித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். கடைக்காரர் அழுகல் தக்காளியைத் தலையில் கட்டினாலும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். ஆனால் உள்ளே போனது எதுவும் அவரிடமிருந்து லேசில் வெளியே வராது. அங்கேயே கிடந்து ஊறும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவருடைய மனைவியும் அக்காவும்.

வேலை, கழிவுநீரேற்று நிலையத்தில். ஊரில் மற்ற தெருக்களின் சாக்கடை சரிவில் தானாக ஓடிச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்விடும். ஏரிக்கரைத் தெரு மட்டும் பள்ளம். அங்கிருக்கிற பெரிய வீடுகளின் கழிவெல்லாம் ஓர் ஆழமான கிணற்றில் வந்து விழும். அதை மோட்டார் போட்டு மேட்டுக்கு ஏற்ற வேண்டும். கிணறு நிரம்பினால் மோட்டார் தானாக ஓட ஒரு மிதவை ஸ்விட்ச் இருந்தது, அது செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, ஆள்தான் இருக்கிறதே என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்த ஆள் இவர்தான். குடிக்கிற தண்ணீரைத் தருகிறவனைக் கும்பிடும் ஊர், குளித்த தண்ணீரைக் கொண்டுபோகிறவனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அதெல்லாம் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

பழகாதது மனைவியின் காலும் கையும். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நகராட்சி மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு பயிற்சி அறை இருந்தது. இரண்டு இரும்புக் கம்பிகள், ஒரு கண்ணாடி, வாயாடி நர்ஸ் ஒருத்தி. அந்த நர்ஸ் திட்டித் திட்டியே அவளைக் கம்பிக்கு நடுவில் நிற்க வைத்தாள், பிறகு நடக்கவும் வைத்தாள். கம்பி இல்லாமல் சுவர்வரை போய்த் திரும்பிய அன்று மோட்டார்காரர் அறை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வரிப் பேச்சு கிளம்பியது. பெரிய வீடுகளுக்கான சொத்து வரியைப் பாதியாகக் குறைக்கலாமா என்று நகராட்சி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. மோட்டார்காரரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஏரிக்கரையின் கடைசி வீட்டுக்காரர், கல் வியாபாரத்தில் கொழித்தவர், ஊரே மார்பிள்காரர் என்று சொல்லும் ஆசாமி, மைக்கைப் பிடித்தார். குரல் என்னவோ தேன்தான். அவர் பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையாம். அவர் வீட்டில் யாரும் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லையாம், பஸ் ஏறவில்லையாம், காவலுக்குக்கூடச் சொந்த ஆளாம்.

"ஊரோட எதையும் நாங்க பயன்படுத்தறதில்லை. பயன்படுத்தாததுக்கு ஏன் கட்டணும்? பயன்படுத்தறவங்க கட்டட்டும். அதுதானே நியாயம்?" என்று கேட்டார்.

ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து, அதிகம் இருக்கிறவர்தான் அதிகம் தர வேண்டும், வரி என்ன ஓட்டல் பில்லா, சாப்பிட்டதற்கு மட்டும் கட்டிவிட்டுப் போக, என்று கேட்டாள். மோட்டார்காரரின் பக்கத்து வீட்டுத் தையல்காரரோ, அவர்கள் கையில் நாலு காசு மிஞ்சினால்தான் நம் பக்கம் வேலை வரும் என்று மார்பிள்காரருக்காக வாதாடினார். வரி குறைந்தபின் மார்பிள்காரர் வீட்டிலிருந்து தையல்காரருக்கு வந்த வேலை, ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்தது. பாவம், அதோடு சரி. கூட்டத்தில் மோட்டார்காரர் வாய் திறக்கவில்லை. நாக்கு நுனிவரை ஏதோ வந்தது, என்ன என்று பிடிபடாமல் விழுங்கிவிட்டார்.

ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாக வரி பாதியானது. வரவு குறைந்ததும் நகராட்சி கத்தரியை எடுத்தது. முதல் வெட்டு பயிற்சி அறைக்கு. நர்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அடுத்து நீரேற்று நிலையத்தின் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் ரத்து. உத்தரவைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிறன்று யாரும் குளிக்க மாட்டார்கள், கழிப்பறை போக மாட்டார்கள் என்று எந்தப் புத்திசாலி கணக்குப் போட்டானோ.

ஆனாலும் மோட்டார்காரர் ஞாயிறுதோறும் போனார். கூலி கிடையாது, கேட்பாரும் கிடையாது. கிணறு நிரம்பும் என்று தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை. முட்டாள்தனம்தான். இத்தனை வருஷமாகச் செய்த வேலை ஆளைக் கட்டிப்போட்டிருந்தது.

அப்படியொரு ஞாயிறு அவர் திரும்பி வந்தபோது மனைவி குளியலறை வாசலில் தரையில் கிடந்தாள். தனியாக எழுந்து போகப் பார்த்து விழுந்திருக்கிறாள். பயிற்சி நின்றதிலிருந்து கால் மறுபடி மரக்கட்டையாகிக்கொண்டிருந்தது. உடை நனைந்திருந்தது. அவர் தூக்கியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரொம்ப நேரமாவா கிடக்கிற?" என்று கேட்டார்.

"அவங்க வீட்டுது எல்லாம் சுத்தமாப் போயிடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டத்தில் நாக்கு நுனியில் வந்து நின்றது என்ன என்பது மோட்டார்காரருக்கு இப்போது பிடிபட்டது. பயன்படுத்தவில்லையாமே! நாள் தவறாமல் இவர் மோட்டார் போட்டுத் தள்ளிவிடுகிறாரே, அது யாருடையது? பயிற்சி அறையைப் பூட்ட வைத்தவனின் கழிவை ஓசியில் சுமக்கப் போய்த்தான் பெண்டாட்டி ஈரத்தில் கிடந்தாள். வட்டியும் முதலுமாகத் திருப்பித் தராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார். அதற்குக் கத்தி கம்பு எதுவும் தேவைப்படவில்லை. உத்தரவுப்படி நடந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டிலேயே இருந்தார். மனைவிக்குத் தலை வாரிவிட்டார். சன்னலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக ஒரு பகலை ஓட்டினார். மார்பிள்காரரின் வெள்ளைத் தரையில் கறுப்பாக ஏறுவதை மனக்கண்ணில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

சாயங்காலம் அக்கா வந்து நின்றாள். அவள் மார்பிள்காரர் வீட்டில் சமையல்காரி. முழங்கால்வரை உடை நனைந்து நாறிக்கொண்டிருந்தது. அக்காவின் அறை அந்த வீட்டின் நிலவறையில் என்பது மோட்டார்காரருக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. எந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், பழிவாங்கும் மும்முரத்தில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். கழிவு எப்போதும் ஆகத் தாழ்ந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். அந்த வீட்டில் ஆகத் தாழ்ந்தது முதலாளியின் குளியலறை இல்லை, அக்காவுடையது.

"ஏண்டா, மோட்டார் போடலையா நீ?" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கையை ஓங்குவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உள்ளே போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து, தம்பி பெண்டாட்டியின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். படுக்கை, துணி, மகளின் கல்யாணப் படம் எல்லாம் போயிற்று. வாளி வாளியாக ஒற்றை ஆளாக அள்ளிக் கொட்டினாளாம். நடுவில் மேலே போய் முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"'உன் ரூம் வரைக்கும்தானே? மேல வரலையே?'ன்னு கேட்டாருடா. மேல வரலைதான்," என்றாள் அக்கா.

பிறகு அவள், வாடகைக்கு வீடு பார்ப்பதுபோலச் சாவதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"என் ரூம் ஓட்டையை அடைச்சுட்டா அது எங்கடா போகும்?"

மோட்டார்காரர் யோசிக்கவே இல்லை. அந்த வீடு தண்ணீரை ஒட்டிக் கட்டப்பட்டது, தெருவை விடத் தாழ்வு. கீழே அடைத்தால் அடுத்தது விருந்தினர் கூடத்துக் குளியலறை. அங்கிருந்து கூடத்துக்குள் வரும்.

"அடுத்த ஞாயிறு விருந்து இருக்கு. வரிக் குறைப்பை நிரந்தரமாக்கப் போறாங்களாம், அதுக்கு. எனக்கு நாலு மண் மூட்டையும் ஒரு பலகையும் வேணும்," என்றாள்.

அக்காவுக்கு வேலை போய்விடுமே என்று அவர் இழுத்தார். போனால் போகட்டும், மூட்டையை நல்லா இறுக்கிக் கட்டித் தா என்று சொல்லிவிட்டாள். கட்டிலில் கிடந்தவள் சரியாக இருக்கும் கையை நீட்டி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். படுக்கை போன அக்கா அங்கேயே தங்கி வேலைக்குப் போய் வந்தாள்; அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் மூன்று பேருக்கும் நல்ல பசி.

நகராட்சி கைதூக்கி வரிக் குறைப்பை நிரந்தரமாக்கியது. ஞாயிறும் வந்தது. ஏரிக்கரையில் கார்கள் வரிசை கட்டின. நகராட்சித் தலைவர் வந்தார், கைதூக்கியவர்கள் வந்தார்கள், அவரவர் மனைவிமார் வந்தார்கள். இத்தனை பேரும் தின்று குடித்துக் கைகழுவினால் கிணறு என்னத்துக்கு ஆகும்? மோட்டார்காரர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் மேலதிகாரி. இன்றைக்கு ஷிப்ட் கிடையாது, கதவில் உத்தரவு ஒட்டியிருக்கிறது, வேண்டுமானால் படித்துப் பாருங்கள் என்று பணிவாகச் சொல்லி வைத்தார். வேறு யாரையாவது அனுப்பலாமே என்றால், ஆட்குறைப்பில் மற்றவர்களை எப்போதோ அனுப்பியாகிவிட்டது. அந்தக் கிழட்டு மோட்டாரைக் கிளப்பும் வித்தை தெரிந்தவர் வேறு யாரும் மிச்சமில்லை. பிறகு தலைவரே கூப்பிட்டார். அவருக்கும் அதே பதில், இன்னும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு.

கடைசியில் வாசலில் கார் வந்து நின்றது. மார்பிள்காரர் இறங்கினார். பட்டு மாதிரிப் பளபளக்கும் சட்டை, முழங்கால்வரை மடித்துவிட்ட கால்சட்டை, ஒரு காலில் செருப்பு இல்லை. மோட்டார்காரருக்குப் பரிச்சயமான வாடை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. தையல்காரர் உட்படத் தெருவே எட்டிப் பார்த்தது.

"கூடம் பூரா வந்துடுச்சு. விருந்தாளிங்க மேசை மேல ஏறி நிக்கறாங்க. வந்து அந்த மோட்டாரைப் போடுப்பா, எவ்வளவு வேணும்னு சொல்லு," என்றார். கூட்டத்தில் ஒழுகிய தேன் இப்போது எங்கே போனதோ.

மோட்டார்காரர் அவரைக்காயை ஓரமாக வைத்தார். இந்த நாளுக்காக அவர் வைத்திருந்த வார்த்தை அது. ஒவ்வோர் எழுத்தையும் ருசித்துச் சொன்னார்.

"நீங்கதான் ஊரோட எதையும் பயன்படுத்தறதில்லையே, சார்."

மார்பிள்காரரின் முகத்தை மோட்டார்காரர் ஆசைதீரப் பார்த்தார். மனுஷன் அதற்காகத்தானே ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். காசு வேண்டாம், பயன்படுத்துகிறேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், தெருவுக்குக் கேட்கட்டும் என்றார். மார்பிள்காரர் தெருவைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார். கேட்கவில்லை என்றாள் உள்ளேயிருந்து மனைவி. மறுபடி சொன்னார்.

"நான் அதைப் பார்க்கணும்ங்க. கார்லயே கூட்டிட்டுப் போங்க," என்றாள் அவள்.

மறுக்கிற நிலையில் மார்பிள்காரர் இல்லை. பின்சீட்டில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து ஏரிக்கரைக்குப் போனார்கள். கார் தெருவிலேயே நின்றது. வீடு கீழே. பார்க்க வேண்டுமென்றால் தெருவோரக் கம்பிவேலிவரை நடக்க வேண்டும். மோட்டார்காரர் தூக்கப் போனார். வேண்டாம் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மரக்கட்டையாகியிருந்த காலை இழுத்து வைத்தாள், அடுத்ததை வைத்தாள். பயிற்சி அறையில் சுவர்வரை போனாளே, அதே நடை. வேலியைப் பிடித்து நின்று பார்த்தாள்.

கூடத்து வெள்ளைத் தரை காணாமல் போயிருந்தது. தலைவர் செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறிக்கொண்டிருந்தார். மார்பிள்காரரின் மனைவி அக்காவைப் பார்த்துக் கத்தினாள். அக்கா கைகட்டி நின்று, "என் ரூம்ல ஒண்ணும் இல்லைங்கம்மா. மேலதான் வந்திருக்கு," என்று பதில் சொன்னாள். வேலியில் நின்றவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மோட்டார்காரர் போய் மோட்டாரைக் கிளப்பினார். கழிவு இறங்கத் தொடங்கியது. அது இறங்கியதுதான் தாமதம், மார்பிள்காரருக்குக் குரல் ஏறிவிட்டது. அக்காவை அந்த இடத்திலேயே வேலையை விட்டு நிறுத்தினார், மோட்டார்காரரைச் சும்மா விடமாட்டேன் என்றார், காரைக் கேட்டுக்குள் விடச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவிக்கு அதற்குமேல் கால் எழவில்லை. சிரிப்பு இருந்தவரைதான் தெம்பு போலிருக்கிறது. முழங்கால் மடங்கிக் கம்பிவேலியில் தொங்கினாள். மோட்டார்காரர் ஓடிவந்து தாங்கினார். பஸ் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதையும்தான் வெட்டிவிட்டார்களே.

அக்கா புல்வெளிப் பக்கமாகப் போய், நனையாத ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். தேக்கு மரம், உயரமான முதுகு, வெல்வெட் மெத்தை. அதில் அவளை உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊருக்குள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் பார்த்த தையல்காரர், இது யாருடைய நாற்காலி என்று கேட்டார்.

"வரி வசூல் பண்ணிட்டு வரோம்," என்றாள் அக்கா, நிற்காமல்.

பயிற்சி அறை இன்றுவரை திறக்கவில்லை. அந்த நாற்காலியைக் கேட்டும் யாரும் வரவில்லை. அக்கா இப்போது தம்பி வீட்டில்தான். தினமும் காலையில் அவள் நாற்காலியை நடுவீட்டில் இழுத்துப் போட்டு, அந்த நர்ஸ் போலவே வாய் ஓயாமல் திட்டுகிறாள். மோட்டார்காரரின் மனைவி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.