ராசி போன நாள்

டப்பா மூடி வார்க்கும் புது அச்சு, புது மோல்டு, மிஷினில் ஏறிவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. முதல் மூடியை அடித்தெடுக்கும் ஷாட்டுக்குப் பட்டனை அமுக்க வேண்டிய ஷமீமாதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டிபன் டப்பா செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, போன வருஷம்தான் ரிடையர் ஆனேன். அங்கே எந்தப் புது மோல்டும் ஷமீமா கையால்தான் தொடங்கும். அவள் அமுக்கினால் முதல் பீஸே முழுசாக விழும். கைராசிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் அவளுக்கு வினையானது.

அப்போது செட்டர் வேலை காலியாக இருந்தது. மோல்டு மாட்டுவது, சூடும் பிரஷரும் வைப்பதெல்லாம் செட்டர் பொறுப்பு. ஷமீமாவுக்கு அது அத்தனையும் அத்துப்படி. அந்த வேலை அவளுக்கு வேண்டும் என்று முதலாளியிடம் போய்ப் பேசினேன்.

"சார், அந்தப் பொண்ணு திறமசாலி. வெளியிலேர்ந்து ஆள் எதுக்கு?"

"திறமையா? அது ராசிய்யா. அவள செட்டராக்கிட்டா அப்பறம் பட்டன யாரு அமுக்கறது?"

அவர் வெளியாளுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அன்றைக்கு அப்படி நின்றாள். "அமுக்கும்மா, நேரமாவுது" என்றார் முதலாளி. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வெடுக்கென்று அமுக்கினாள்.

விழுந்த மூடியில் ஒரு மூலையே இல்லை.

முதல் ஷாட்டில் பிளாஸ்டிக் அச்சு முழுக்க நிரம்பாமல் இப்படிக் குறைவது எங்கள் தொழிலில் சாதாரணம். ஆனால் ஷமீமா கையில் அதுவரை அப்படி ஆனதில்லை. "ராசி போச்சேய்யா" என்றார் முதலாளி. ஷமீமா அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பாடா, தொலைஞ்சுதா? தள்ளுங்க சார், வேலையப் பாக்கறேன்."

பிரஷரை ஏற்றினாள். சூட்டைக் கொஞ்சம் கூட்டினாள். அடுத்ததும் லேசாகக் குறைந்தது, மறுபடி ஏற்றினாள். அதற்கடுத்த மூடி பிசிறில்லாமல் விழுந்தது. முதலாளி அதை டப்பாவில் அழுத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"இதெல்லாம் எப்பம்மா கத்துக்கிட்ட?"

"எப்பவுமே செட்டிங்க சரி பண்ணிட்டுதான் சார் அமுக்குவேன். இன்னிக்குத்தான் கோவத்துல பாக்காம அமுக்கிட்டேன்."

வெளியாளுக்கு வரவேண்டாம் என்று அப்போதே போன் போனது. சாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது, வேலை கிடைத்தது எனக்குத்தான் என்பதுபோல் நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து நன்றாக வேலை செய்கிறவர்களை ராசிக்காரர் என்று நான் சொல்வதில்லை. வேலை தெரிந்தவர் என்றே சொல்கிறேன்.

போன வாரம் ஷமீமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். இப்போது அவள் செட் பண்ணி வைக்க, முதலாளியே பட்டனை அமுக்குகிறாராம். தனக்கும் கைராசி வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.