சர்க்கரைக் கேப்டன்

அலெக்ஸாந்திரியாவில் ஸ்குவாஷ் சொல்லிக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் 'கேப்டன்'தான். கப்பலும் வேண்டாம், படையும் வேண்டாம், கையில் ஒரு மட்டை இருந்தால் போதும். வஜ்திக்கு மட்டும் அதன் முன்னால் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டது. கிளப் உறுப்பினர்களின் மனைவிமார் குடையடியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி, "நம்ம சர்க்கரைக் கேப்டன் வந்தாச்சா?" என்று விசாரிப்பார்கள். அவர் கோர்ட்டில் தோற்றவர்கள் கழுதைபோல் கத்த வேண்டும் என்பது விதி. பிள்ளைகளிடம் அவரே வேண்டுமென்று தோற்று, கைகளைக் காதாக வைத்துக்கொண்டு, கிளப் முழுக்கக் கேட்கிறாற்போல் கத்துவார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளும்.

அவர் அப்பா அதே கிளப்பில் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். வஜ்தி சிறு வயதில் கோர்ட் தரையில் சிந்தும் வியர்வையைத் துடைக்கச் சேர்ந்தார். ஒருநாள் ஆட வேண்டியவர்கள் வரவில்லை. மூலையில் கிடந்த விரிசல் மட்டையை எடுத்துச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"டேய், நீ இங்க விளையாட வந்தியா, வேலைக்கு வந்தியா?"

"வேலைக்குத்தான் ஐயா."

அந்தப் பதில் அவர் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்கப்புறம் மட்டையைத் தொட்டதெல்லாம் வேலையாகத்தான் தொட்டார். ஜோடி கிடைக்காத பெரிய மனிதர்களோடு ஆடுவார். ஜெயிக்க முடிந்த ஆட்டத்தை நூலிழையில் தோற்று, ஒரு கேலியும் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்புவார். காசு கொடுக்கிறவன் சிரித்துக்கொண்டு போக வேண்டும், காசு வாங்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு உழைக்க வேண்டும். அவர் கண்ட உலகம் அவ்வளவுதான்.

பயிற்சியாளரானபோது அதுவே அவருக்குக் கைகொடுத்தது. மற்ற கேப்டன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர்களிடம் இருந்த பிள்ளைகள் மட்டையை வீசிவிட்டு நீச்சலுக்குப் போய்விட்டன. வஜ்தியிடம் வந்தவர்கள் போகவில்லை. ஓட்டம் எங்கே முடிகிறது, விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இரண்டையும் பிசைந்து ஊட்டிவிடுவார். களைத்த பிள்ளையை எப்போது அதட்டுவது, எப்போது சிரிக்கவிடுவது என்ற கணக்கு அந்தக் கடற்கரை நெடுகிலும் அவரைப்போல் அறிந்தவர் இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அவர்மேல் ஆத்திரம். தெரியாதவன் செய்தால் போகட்டும் என்று விடலாம். இவர் தெரிந்தவர்.

மகள் நிஹால் ஏழு வயதில் முதன்முதலாகக் கோர்ட்டுக்குள் வந்தாள். ஊழியர் பிள்ளைகள் விடியற்காலையில் மட்டும் ஆடலாம். உறுப்பினர்கள் வருமுன் வெளியேறிவிட வேண்டும். முதல் அடியிலேயே பந்து சுவரில் பட்டுத் திரும்பி அவள் நெற்றியிலேயே டொக்கென்று விழுந்தது. அவள் 'ஐயோ' என்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் வஜ்தியும் பக்கத்தில் விழுந்து சிரித்திருப்பார்.

"நீ விளையாட வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்று கேட்டார்.

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அன்றிலிருந்து எண்ணி எண்ணி அடித்தாள். இடது பின் மூலைக்கு இருநூறு, வலது மூலைக்கு இருநூறு. இடது மூலையில் அவளுக்குக் கொஞ்சம் தடுமாற்றம். அங்கே பந்து தவறும்போதெல்லாம் அவர் குரல் கண்ணாடிச் சுவர் அதிர எழும்பும். மனைவி அவாதிஃப் ஒருமுறை கேட்டாள்:

"பச்சப் புள்ள, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு ஆடுனா என்ன கெட்டுப்போச்சு?"

"சிரிக்கிறதுக்கு அவங்கப்பா என்ன கப்பல் வச்சிருக்காரா?"

அவர் கனவு ஒன்றே ஒன்று. பதினைந்து வயதுக்குட்பட்டோர் கிளப் போட்டியில் உறுப்பினரல்லாத ஒருவர் வென்றால் அணியில் இடம் உண்டு. ஆட்டக்காரருக்கான அட்டையும் உண்டு. அந்த அட்டை இருந்தால் நிஹால் பின்கதவைவிட்டு முன்வாசல் வழியாக வரலாம், அணிப் பேருந்தில் கெய்ரோவுக்குப் போகலாம். இதற்காகத்தான் மகளைக் கல்லாக்குகிறோம் என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

பள்ளி விட்டதும் அவள் கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா ஜுமானாவோடு குதித்துக்கொண்டிருப்பார். ஜுமானா அவள் வயதுக்காரி, கிளப் உறுப்பினர் மேடம் இனாஸின் மகள், கிளப்பின் செல்லம். பொல்லாத பெண்ணல்ல. ஒருநாள் வியர்வையோடு வெளியே வந்து நிஹாலின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உங்கப்பா வீட்லயும் இப்டித்தானா? குடுத்து வச்சவடி நீ!"

"ஆமா," என்றாள் நிஹால்.

நிஹாலுக்குப் பதினாலு வயதானபோது அந்தக் கிளப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றவர்கள் இந்த இரண்டு பேர்தான். வஜ்தி யார் பக்கமும் உட்காராமல் மேல் படிக்கட்டில் ஒதுங்கிவிடலாம் என்றிருந்தார். மேடம் இனாஸ் விடவில்லை.

"அதெப்படி கேப்டன்? உங்க பொண்ணுக்கு நீங்க வீட்லயே இருக்கீங்க. எங்களுக்கு நீங்க இங்க மட்டும்தானே கிடைப்பீங்க?"

கேட்பதற்கு நியாயம்போலவே இருந்தது. வஜ்தி திரும்பி மகளைப் பார்த்தார். அவள் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போங்க கேப்டன். எனக்கு என்ன செய்யணும்னு தெரியும்," என்றாள். கிளப்புக்குள் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

முதல் இரண்டு ஆட்டத்தையும் நிஹால் அலட்டாமல் எடுத்தாள். ஐந்தில் மூன்று எடுத்தால் வெற்றி, இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதோடு அட்டை, முன்வாசல், கெய்ரோ எல்லாம். வஜ்திக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் ஜுமானா அழுதுகொண்டே வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள்.

"என்னால முடியல கேப்டன். நான் போறேன்."

அழுகிற பிள்ளை முன்னால் நின்றால் அவருக்குக் கையும் வாயும் தாமாக வேலை செய்யும். இத்தனை வருஷப் பழக்கம். துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். காதோரம் குனிந்து மெல்லக் கழுதைபோல் கத்தினார். அழுகைக்கு நடுவே அவள் களுக்கென்று சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நிஹால் அதைப் பார்த்தாள்.

"இப்ப கேளு," என்றார் வஜ்தி. "இடது பின் மூலை. பந்தை நல்லா உயரத் தூக்கி அங்க போடு. அந்த மூலைக்குப் பந்து போனாலே அவ பயந்துடுவா. அவசரப்பட்டு அடிப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்த மூலையில் அவளுக்குப் பயம் எப்படி வந்தது என்று உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உண்டாக்கியவரும் அவரே, விற்றவரும் அவரே. வாயில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஜுமானா அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

பந்து உயர எழும்பி இடது மூலையில் இறங்கியது. நிஹால் ஓடினாள், தவறவிட்டாள். மறுபடியும் அதே பந்து. மூன்றாவது முறை தவறியபோது அவள் சட்டென்று திரும்பிக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வழக்கமாக அந்த நேரத்தில் வருகிற அதட்டலுக்காகப் பார்த்தாள். வஜ்தி தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது ஆட்டம் போயிற்று, நான்காவது போயிற்று. ஐந்தாவதில் ஜுமானா தவறவிட்ட பந்துக்கும் சிரித்துக்கொண்டே ஆடினாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். மேடம் இனாஸ் எல்லோரும் கேட்கும்படி, "உழைப்பையும் சந்தோஷத்தையும் ஒண்ணாக் கலக்கத் தெரிஞ்ச மனுஷன் இவர் ஒருத்தர்தான்!" என்றாள். கைதட்டினார்கள். அவரும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். வேறென்ன செய்வார்?

வீட்டில் அவாதிஃப் முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டி வைத்துக் காத்திருந்தாள். நடந்ததை வஜ்தி ஒன்றுவிடாமல் சொல்லக் கேட்டதும் பாத்திரத்தை டமாரென்று வைத்தாள்.

"ஊரான் பொண்ணுக்காகக் கழுதையா மாறத் தெரிஞ்ச உனக்கு, நம்ம பொண்ணுக்கு ஒரு நாள் அப்பாவா இருக்கத் தெரியலையா வஜ்தி?"

மகள் அழுவாள், தட்டை வீசுவாள், இனி மட்டையைத் தொட மாட்டேன் என்பாள் என்று வஜ்தி காத்திருந்தார். காலில் விழக்கூடத் தயாராக இருந்தார். நிஹால் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அவகிட்ட சொன்னது சரிதான் அப்பா. அந்த மூலைல நான் வீக்தான். இன்னும் நான் உழைக்கல."

அவாதிஃப் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் அவரை எழுப்பியதும் நிஹால்தான். கடற்காற்று ஆளைத் தள்ளியது. பின்கதவு வழியாக இருவரும் உள்ளே போனார்கள். கோர்ட்டில் அவள் நேராக இடது மூலைக்கு நடந்தாள்.

"நில்லு நில்லு. இன்னிக்கு அது வேணாம்," என்றார் வஜ்தி. குரலை எவ்வளவோ இளக்கிப் பார்த்தார். தம் ஒரு காலணியைக் கழற்றி முன்சுவர் ஓரத்தில் நிறுத்தினார். "இன்னிக்கு ஒரு வேடிக்கை. இது இருக்கே, இதுதான் நம்ம கிளப் மேலாளர். எங்க, அடிச்சு விழ வை பாப்போம்!"

மூக்கைச் சுளித்து, தொப்பையைத் தள்ளி மேலாளரைப்போல் நடந்தும் காட்டினார். ஜுமானாவாக இருந்தால் இதற்கே உருண்டிருப்பாள். நிஹால் மரியாதையாக அவர் நடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு காலை அகற்றி, தோளைத் திருப்பி ஒரே அடி. காலணி சுழன்று போய் விழுந்தது. வஜ்தி 'ஆஹா!' என்று கைதட்டிக் குதித்தார். ஒற்றைக் காலுறை தரையில் வழுக்கியது.

அவள் காலணியை எடுத்துவந்து, இருந்த இடத்திலேயே நேராக நிறுத்தினாள். அடிக்கும் கோட்டுக்குத் திரும்பி மட்டையைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன தடவ அடிக்கணும் கேப்டன்?"

கணக்கெல்லாம் ஒன்றுமில்லைம்மா, சும்மா விளையாடு என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லி அந்த வாய்க்குப் பழக்கமே இல்லை.

"ஐம்பது," என்றார்.

அவள் எண்ணத் தொடங்கினாள்.