வழிமுறை எழுதாத ஏழு கணக்குகள்

இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு படிக்கும்போது இயற்பியல் தேர்வுத்தாள் கைக்கு வந்தபோது முப்பதுக்கு ஏழு என்று போட்டிருந்தது. உயரத்திலிருந்து விழும் பொருள்களைப் பற்றிய ஏழு கணக்குகள். ஏழுக்கும் விடை சரி. விடைக்குத் தலா ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டு, வழிமுறைக்கு உரியதையெல்லாம் சார் வெட்டியிருந்தார். இயற்பியலில் தோற்றால் அறிவியல் பிரிவிலிருந்து கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். சுங்கைப் பட்டாணி டவுன் பள்ளியில் அந்த வகுப்புக்குள் நுழைய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் கோலா கெத்தில் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அங்கே தினமும் காலையில் மனக்கணக்கு. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். விடை சொன்னவர் உட்காரலாம். பென்சிலைத் தொட்டால் திட்டு விழும். ஆறு வருடம் அப்படிப் பழகியவளுக்கு, வரிவரியாக எழுதுவது கணக்கு வராதவர்கள் செய்யும் வேலையாகத்தான் பட்டது. தேர்வுத்தாளில் ஈர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் விழும் பொருள் முதல் வினாடியில் ஐந்து மீட்டர் இறங்கும். அடுத்ததில் பதினைந்து, பிறகு இருபத்தைந்து, முப்பத்தைந்து. கூட்டிக்கொண்டே போனால் எண்பது மீட்டருக்கு நான்கு வினாடி. இதற்கு எதற்குச் சூத்திரம் என்ற திமிர் எனக்கு.

சார் என்னை எழுப்பினார். "ஜாலான் கிரா எங்க, வழிமுறை எங்க? வெறும் விடை மட்டும் இருக்கு. யாரப் பாத்து எழுதின?"

"மனசுலயே போட்டேன் சார்."

"அப்படியா? பன்னண்டு மீட்டர் உயரம், எத்தன வினாடில விழும்? வந்து போர்டுல போடு."

ஒரு வினாடிக்கு ஐந்து, இரண்டு வினாடிக்கு இருபது. பன்னிரண்டு நடுவில் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் என் கூட்டல் நகரவில்லை. மார்க்கரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். பின்னால் சிரித்தார்கள். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்கும் ஏழும் சரி. அவ வழிமுறை எழுதியிருக்கா. நீ எழுதல. நான் என்ன நினைக்கிறது?"

பக்கத்தில் இருந்தவள் என் தோழி. சூத்திரமெல்லாம் தலைகீழாகச் சொல்வாள், பெருக்கலில் கோட்டைவிடுவாள். தேர்வன்று முழங்காலை இடித்துக் கெஞ்சினாள் என்று என் தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்ததே நான்தான். இப்போது அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருமே மாட்டுவோம். மார்க்கரை வைத்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

வகுப்பு முடிந்ததும் சார் தனியாகக் கூப்பிட்டார். "தப்ப ஒத்துக்க. மறுபடி எழுத விடறேன். இல்லன்னா கலைப்பிரிவுதான், நான் ஒன்னும் செய்ய முடியாது லா." அவரைப் பொறுத்தவரை அது இரக்கம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போய், "பாத்துத்தான் எழுதினேன் சார்" என்றேன். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அன்று மாலையே சூத்திரத்தைப் படித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு மீட்டருக்கு ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று இன்னும் எரிச்சல் ஏறியது. மறுதேர்வில் ஒரு வரி விடாமல் எழுதி இருபத்தெட்டு வாங்கினேன். சார் என் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா, சொந்தமா எழுதினா எவ்வளவு நல்லா வருது."

முதலில் கைதட்டியது என் தோழிதான்.