மன்னி ஆற்றில் விட்ட வெள்ளரி

என் வெள்ளரி நாற்றுகளை மன்னி ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டார். கோபத்தில் இல்லை... பக்தியில்!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். தை மாதம் என் மகள் வித்யாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் பெங்களூர் கிளம்பும்போது ஜம்பமாக ஒரு வாக்குக் கொடுத்தேன். சித்திரை விஷுவுக்கு மாப்பிள்ளையோடு வரும்போது கணித்தட்டில் நானே விதை போட்டு வளர்த்த வெள்ளரி இருக்கும் என்று. விஷு அன்று கண் திறந்ததும் பார்க்கிற தட்டில் பொன் நிறத்தில் ஒரு வெள்ளரி இருந்தாக வேண்டும் அல்லவா? திருவனந்தபுரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைக் கடையில்தான் வாங்குகிறோம்.

ரிட்டயரான கணக்கனுக்கு விவசாயம் எங்கே தெரியும்? மாடியில் க்ரோ பேக்கில் விதை ஊன்றினேன். அணில் தோண்டித் தின்றது. மறுபடி ஊன்றினேன். தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுக வைத்தேன். பேசாமல் கடையில் வாங்கிவிடச் சொல்லி மனைவி சிரித்தாள். ரோஷம் வருமா, வராதா?

கல்யாணத்துக்கு வாங்கிய பாலிகைச் சட்டிகளில் ஒரு செட் உபயோகிக்காமல் கிடந்தது. தெரியாதவர்களுக்காக — பாலிகை என்பது எங்கள் கல்யாணங்களில் சுமங்கலிகள் நவதானியம் தெளித்து முளைக்க வைக்கிற சின்ன மண்சட்டி. முளைத்ததை ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிட வேண்டும். அந்தச் சட்டிகளில் மிச்ச விதையை ஊன்றி, அணில் வராத பூஜையறை ஜன்னலோரம் வைத்தேன். அத்தனையும் முளைத்தன! அந்த முதல் இலைகளைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்கு நானே காப்பி போட்டு மனைவிக்குக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் வலியசாலையிலிருந்து மன்னி வந்தார். என் அண்ணாவின் மனைவி. முழங்கால் ஆபரேஷனால் கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று அவருக்குத் தீராத குறை. அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பாங்குக்குப் போய்த் திரும்பினால்... ஜன்னலோரம் காலி.

"கல்யாணமாகி எத்தனை நாளாச்சு, பாலிகையைக் கரைக்காம வச்சிருக்கேளே! நான்தான் கொண்டுபோய் ஆத்துல விட்டுட்டு வந்தேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

படித்துறைக்கு ஓடினேன். கோடையில் கரமனையாறு உள்வாங்கியிருந்தது. ஆபரேஷன் ஆன காலோடு கீழே வரை இறங்க முடியாமல், கரையோர வண்டலிலேயே கவிழ்த்திருக்கிறார். நாற்றுகள் சாய்ந்து கிடந்தன, ஆனால் உயிர் இருந்தது. அப்பாடா! அள்ளிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போன் செய்தேன். மன்னிதான் எடுத்தார்.

"விட்டதைத் திரும்ப எடுக்கப்படாது, கேட்டியா? கொழந்தை நன்னா இருக்கணும்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மகளைச் சொல்லிவிட்டால் எந்த அப்பனுக்குக் கை நீளும்? அங்கேயே நிமிர்த்தி நட்டுவிட்டு வந்தேன்.

பிறகென்ன, காலையும் மாலையும் ஆற்றங்கரைதான். மாடியில் என்னோடு மல்லுக்கு நின்ற வெள்ளரி, வண்டலில் ஜோராகப் படர்ந்தது. பூ, பிஞ்சு, காய்... கூடவே பயமும். பொதுப் படித்துறை — யாராவது ஒருவர் பறித்துவிட்டால்? விஷுவுக்கு நான் என்ன செய்வேன்? ஆனால் ஒருவரும் தொடவில்லை. விசாரித்துப் பார்த்தால், அது கல்யாணப் பாலிகை, யாரும் கை வைக்கக் கூடாது என்று மன்னி எங்கள் தெரு முழுக்கப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்!

சரி, நான் மட்டும் எப்படிப் பறிப்பது? பயந்துகொண்டே கேட்டேன். செடியைத்தான் எடுக்கக் கூடாது, காய்க்குத் தோஷமில்லை என்று தீர்ப்பு வந்தது. எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

விஷுக் காலையில் வித்யாவின் கண்ணைப் பொத்திக் கணி முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் மன்னிதான். கண் திறந்தவள் நேரே வெள்ளரியைப் பார்த்தாள்.

"நெஜமாவே நீ வளர்த்ததாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மன்னி முந்திக்கொண்டார்.

"உன் கல்யாணத்துக்குப் பெரியம்மா வரலைன்னு இனி யாரும் சொல்லப்படாது. இது நான் விட்ட பாலிகையாக்கும்."

வித்யா அவரைக் கட்டிக்கொண்டாள். மன்னி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன?

அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்துக் காய வைத்தாயிற்று. முளைத்ததும் ஆட்டோ பிடிக்க வேண்டியது மன்னி பொறுப்பு.